மண்டையோட்டுக் குறி போட்ட இடங்கள்

என் சித்தப்பா கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு டிரைவர். மீசை அரும்பிய வயதிலிருந்து இழுவை மடித் தொழில்தான், கடல் தரையோடு வலையை இழுத்துப் பிடிக்கிற தொழில். கடல் விசிறி, கறுப்புப் பவளம் மாதிரி ஏதாவது மடியில் ஏறுமா என்று ஒரு நாள் அவரிடம் கேட்டேன். "ஏறும் பாப்பா. பார் ஓரமா இழுக்கறப்ப ஏறும். ஏறுனா அங்கயே உடைச்சுத் தள்ளிட்டு வந்துருவோம். கரைக்குக் கொண்டாந்தா கேஸுல்ல?" என்றார். பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. அவர் சொன்னது சரிதான். பவளங்களும் கறுப்புப் பவளமும் கடல் விசிறிகளும் 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. ஒரு துண்டு படகில் கிடந்தாலும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பவளம் நிற்கிற தரைக்கு? கடலூருக்குக் கிழக்கே, ஆழம் இறங்குகிற இடத்தில், இதற்கு மேல் மடி இழுக்கக் கூடாது என்று எந்தக் கோடும் கிடையாது. பவளத்தைக் கையில் வைத்திருந்தால் குற்றம். அது முளைத்த இடத்தின் மேல் நாள் முழுக்கச் சங்கிலியை இழுத்துக்கொண்டு போனால் தொழில்.

அந்தப் பதில் எனக்குள் அடங்கவே இல்லை. உடைத்துத் தள்ளும்போது பவளம் மட்டும் கடலுக்குள் போகவில்லை. எந்த இடம், எத்தனை பாகம் ஆழம், எவ்வளவு ஏறியது என்ற சேதியும் கூடவே போய்விடுகிறது. உலகத்தில் ஆழ்கடல் தரையைக் காப்பாற்ற எங்கெங்கே முயற்சி நடக்கிறதோ, அங்கெல்லாம் முதலில் தேடுவது அந்தச் சேதியைத்தான். நம் சட்டம் பவளத்தைக் காக்கிறேன் என்று சொல்லி அதைச் சொல்ல விடாமல் செய்துவிட்டது. கோபம் சித்தப்பா மேல் இல்லை, சட்டத்தை எழுதியவர்கள் மேலும் முழுசாக இல்லை. நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம் இப்படித் தலைகீழாக வேலை செய்கிறதே என்ற ஆற்றாமைதான்.

குவியலில் கிடந்தது

அம்மா துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்றவர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் அவரோடு போய்விடுவேன். நல்ல மீனெல்லாம் பெட்டி பெட்டியாக இறங்கி ஏலம் போன பிறகு, கடைசியாகத் தளத்தில் ஒரு குவியல் கொட்டுவார்கள். கோழித் தீனிக்கும் மீன்மாவு ஆலைக்கும் போகிற குவியல். அதில் கைவிட்டுப் பொறுக்குவது பெண்களின் வேலை. விரல் நீள நண்டு, குஞ்சுக் கணவாய், நசுங்காத காரப்பொடி கிடைத்தால் அன்றைக்குக் குழம்புக்கு ஆச்சு. மீதியெல்லாம் நட்சத்திர மீன், சங்கு ஓடு, கடல் பஞ்சு, பெயர் தெரியாத வழவழப்புகள். அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் கிளை கிளையாக ஒன்று கிடக்கும். தொட்டால் சொரசொரப்பு. வெயிலில் காய்ந்ததும் மேல்தோல் பொடியாக உதிர்ந்து, உள்ளே இருக்கும் கறுத்த நரம்பு மட்டும் வளைந்து நிற்கும். பெண்கள் அதைக் கடல் செடி என்பார்கள். அது செடி இல்லை, ஆயிரக்கணக்கான சிறு உயிர்கள் சேர்ந்து கட்டிய குடியிருப்பு என்று கல்லூரியில் விலங்கியல் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

2001க்குப் பிறகு கடல் செடி குவியலில் குறைந்துகொண்டே வந்தது. இப்போது போய்ப் பார்த்தால் கண்ணில் படுவதே அரிது. அதைப் பார்த்து, சட்டம் வேலை செய்கிறது என்று ஒருவர் சொல்லிவிடலாம். உடைவது நின்றதா, உடைந்தது கரைக்கு வருவது நின்றதா என்று குவியல் சொல்லாது.

அந்தக் குவியலைக் குப்பை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2023ல் விஞ்ஞானிகள் அஞ்சாலை இனத்தில் புதிதாக ஒன்றை அறிவித்து, அதற்குத் தமிழ்நாட்டின் பெயரையே வைத்தார்கள்: ஜிம்னோதோராக்ஸ் தமிழ்நாடுயென்சிஸ். அதன் மாதிரிகள் கிடைத்த இடம் நம் கடலூர் மாவட்டத்து முடசல் ஓடை மீன் இறங்குதளம். அறிவியலுக்கே தெரியாத ஓர் உயிர் நம் மடியில் ஏறி, நம் தளத்தில் கொட்டப்பட்டு, பார்க்கத் தெரிந்த ஒருவர் கண்ணில் பட்டதால் பெயர் பெற்றது. பார்க்க ஆளில்லாத நாட்களில் தீவன ஆலைக்குப் போனவை எத்தனையோ.

நாலாயிரம் வருஷத்து உயிர்

பவளம் என்றதும் மன்னார் வளைகுடாவில் வெயில் படுகிற ஆழத்தில் வண்ண வண்ணமாக இருப்பதுதான் நம் மனதில் வரும். ஆழ்கடல் பவளம் வேறு. வெளிச்சமே இறங்காத இடத்தில், குளிர்ந்த நீரில், நீவாடு (கடல் நீரோட்டம்) கொண்டுவருகிற துணுக்குகளைத் தின்று வாழ்வது. நார்வேக்கு அருகே 2002ல் கண்டுபிடித்த ரோஸ்ட் பவளத்திட்டு முந்நூறு நானூறு மீட்டர் ஆழத்தில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அதைக் கட்டிய பவளம் வருஷத்துக்கு வளர்வது சில மில்லிமீட்டர்தான், நல்ல இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குப் போகும். ஹவாய்க்கு அருகே எடுத்த ஒரு கறுப்புப் பவளத்தின் வயதைக் கணக்கிட்டார்கள், சுமார் 4,265 வருஷம் என்று வந்தது. கீழடியில் முதல் செங்கலை வைப்பதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் முன்னாலிருந்து, ஒரே இடத்தில் நின்றபடி, நம் காலம் வரைக்கும் உயிரோடு இருந்திருக்கிறது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கடலடி மலைகளைச் சுற்றிப் பிடித்த ஆரஞ்சு ரஃபி மீன் நூறு வருஷத்துக்கு மேல் வாழும், முட்டை போடுகிற பருவத்துக்கு வரவே இருபது முப்பது வருஷம் ஆகும். 1980களில் மலை மலையாகப் பிடித்தார்கள். சில இடங்களில் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் கையை விரிக்க வேண்டியதாயிற்று.

இந்த இடங்களின் மேல் இழுவை மடி போனால் என்ன ஆகும் என்று நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் பலகை தரையை உழுதபடி போகும், நடுவில் சங்கிலி தட்டிக் கிளப்பும், பின்னால் மடி எல்லாவற்றையும் அள்ளும். கலங்கிய சேறு பக்கத்து இடங்களிலும் போய்ப் படியும். நீரை வடிகட்டித் தின்னும் கடல் பஞ்சுகள் அந்தச் சேற்றில் மூச்சு முட்டிப்போகின்றன. நியூசிலாந்தில் மடி இழுப்பதை நிறுத்திய கடலடிக் குன்றுகளைப் பதினைந்து வருஷம் கழித்தும் போய்ப் பார்த்தார்கள். மீண்டு வந்ததற்கான தெளிவான அடையாளம் தெரியவில்லை. ஹவாய்க்கு வடமேற்கே முப்பது நாற்பது வருஷம் தொடாமல் விட்ட சில மலைகளில் மட்டும் பவளம் மறுபடி தலைகாட்டியிருக்கிறது. விட்டால் வரும், ஆனால் ஒரு தலைமுறை ஆகும். 61 நாள் தடைக்காலம் இறாலுக்கும் மீனுக்கும் மூச்சு விட இடம் கொடுக்கும். பவளத்தின் கணக்கில் அது ஒரு நொடிகூட இல்லை.

கோடு போட்டவர்களின் கதை

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன என்று கொஞ்ச காலமாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். படித்ததில் நம்பிக்கை தந்ததைவிட எச்சரிக்கை தந்ததுதான் அதிகம்.

நியூசிலாந்து 2007ல் தன் கடற்பரப்பில் ஏறக்குறைய முப்பது சதவீதத்தில், பதினேழு பகுதிகளில், கடலடி மடிக்குத் தடை போட்டது. பதினொரு லட்சம் சதுர கிலோமீட்டர். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த யோசனையைக் கொண்டுவந்ததே ஆழ்கடல் மீன்பிடி நிறுவனங்கள்தான். பூட்டிய இடத்தில் பெரும்பகுதி மடியே எட்டாத ஆழம். மீன் இருக்கிற இடம், பவளம் நெருக்கமாக இருக்கிற இடம் நிறையவே கோட்டுக்கு வெளியில் நின்றுவிட்டது. யாருக்கும் வலிக்காத இடமாகப் பார்த்துக் கோடு போடுவது ஆட்சியாளர்களுக்கு எந்தக் காலத்திலும் வசதிதான்.

புளோரிடா கதை வேறு மாதிரி. அங்கே கிழக்குக் கரைக்கு எதிரே ஒக்யுலினா என்கிற பவளத்திட்டை 1984லேயே பாதுகாத்தார்கள். ஆழ்கடல் பவளத்துக்காக உலகத்தில் போட்ட முதல் கோடுகளில் அதுவும் ஒன்று. கோடு சரியான இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதே பக்கம் இறால் படகுகளும் தொழில் செய்தன, கோட்டைத் தாண்டி உள்ளே வந்தும் இழுத்தன, யார் வந்தது யார் போனது என்று பார்க்க வழியில்லை. 1970களில் எடுத்த படங்களோடு 2000க்குப் பிறகு எடுத்தவற்றை வைத்துப் பார்த்தால், பூத்து நின்ற திட்டுகளில் பெரும்பாலானவை உடைசலாகக் கிடக்கின்றன. அந்த இறால் படகுகளில் செயற்கைக்கோள் கண்காணிப்புக் கருவி கட்டாயமானது 2003ல்தான்.

யாருடைய எல்லைக்கும் உட்படாத நடுக்கடலுக்கு ஐ.நா. பொதுச்சபை 2006ல் தீர்மானம் போட்டது, உணவு வேளாண்மை அமைப்பு 2008ல் வழிகாட்டுதல் கொடுத்தது. அவற்றிலிருந்து வந்த விதி ஒன்று: ஒரு இழுப்பில் குறிப்பிட்ட எடைக்கு மேல் பவளமோ கடல் பஞ்சோ ஏறினால், படகு அதைப் பதிவு செய்து, அந்த இடத்தை விட்டு இரண்டு கடல் மைலாவது விலகிப் போக வேண்டும். முதலில் படித்தபோது நியாயமாகத்தான் பட்டது. யோசிக்க யோசிக்க ஓட்டைகள் தெரிந்தன. அந்த எடை வரம்பு வட அட்லாண்டிக்கில் ஆரம்பத்தில் நூறு கிலோ உயிருள்ள பவளம் என்று இருந்தது. கீழே உடைவதில் மடிக்குள் தங்கி மேலே வருவது கொஞ்சம்தான், பெரும்பகுதி கண்ணி வழியாக நழுவித் தரையிலேயே கிடந்துவிடும். மேலே நூறு கிலோ வந்தால் கீழே எவ்வளவு போயிருக்கும்? பிற்பாடு வரம்பை இறக்கினார்கள். அப்படியும் இடிபாடு நடந்த பிறகுதான் விதி விழித்துக்கொள்கிறது. விலகிப் போகிற இரண்டு மைலில் இதுவரை யாரும் தொடாத இன்னொரு திட்டு இருந்தால் அதற்கும் அதே கதி.

ஐரோப்பிய ஒன்றியம் 2016ல் எண்ணூறு மீட்டருக்குக் கீழே கடலடி மடி கூடாது என்று ஆழத்தையே எல்லையாக வைத்தது. இது எளிது, டிரைவருக்கும் புரியும், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் பார்த்தால் போதும். ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது கனடாவின் மேற்குக் கரையில் 2012ல் நடந்தது. மடிப் படகுக்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இதுவரை இழுத்த இடத்தில் இழுக்கலாம், புது இடத்துக்கு மடியைக் கொண்டுபோகக் கூடாது. மீனுக்கு ஒதுக்கீடு இருப்பது போலப் பவளத்துக்கும் கடல் பஞ்சுக்கும் ஒவ்வொரு படகுக்கும் வருஷ ஒதுக்கீடு, அது தீர்ந்தால் தொழிலே நிற்கும். ஒரு இழுப்பில் அளவுக்கு மேல் ஏறினால் உடனே மற்ற படகுகளுக்கும் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். படகில் கண்காணிப்பாளர் இருப்பதால் மறைக்கவும் முடியாது. பவளம் ஏறினால் ஒளிக்கிற அவசியம் அங்கே இல்லை. சொன்னால்தான் பக்கத்துப் படகும் தன் ஒதுக்கீட்டை இழக்காமல் தப்பிக்கும். நம் ஊரில் உடைத்துத் தள்ளுகிற அதே நேரத்தில் அங்கே வயர்லெஸ் மைக்கைக் கையில் எடுக்கிறார்கள்.

தேய்ந்துபோன குறி

தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி மராமத்து நடக்கும்போது, சித்தப்பா ஜிபிஎஸ் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்வார். உப்புக் காற்றில் ஓரமெல்லாம் வெளுத்து, அடிக்கடி அழுத்துகிற பொத்தான்களில் எழுத்து அழிந்துபோன பெட்டி. கனடாக் கதையை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து போய் அதை எடுத்துவந்து, பேட்டரி இணைத்துத் திரையைக் காட்டினார். "இதப் பாரு" என்றார்.

திரை முழுக்கக் குறிகள். மீன் படம் போட்டது நல்ல பாடு கிடைத்த இடம், நங்கூரம் போட்டது தங்கிய இடம். கரையிலிருந்து கிழக்கே நகர்த்த நகர்த்தக் குறிகள் குறைந்து, ஆழம் கூடி, பிறகு திடீரென்று வடக்குத் தெற்காக வரிசை வரிசையாக மண்டையோட்டுப் படம். வலை மாட்டிய இடங்கள். நம் பக்கம் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல் தரை, குறுகலானது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் எதிரே கடலடிப் பள்ளத்தாக்குகள் இருப்பதை 1960களிலேயே நம் கடலியல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சரிவின் விளிம்பை அளந்து வைத்த மாதிரி மண்டையோடுகள் நின்றன. ஒவ்வொன்றுக்கும் சித்தப்பாவிடம் ஒரு கதை இருந்தது. இங்கே பலகை ஒன்று போனது, இங்கே மடி முழுசாகக் கிழிந்தது, இங்கே ரோப்பு அறுந்து அடித்ததில் ஒரு பையனுக்குத் தோள்பட்டை போனது. அப்பா காலத்துக் கணிப்பில் தெரிந்த பார்கள் சில, பக்கத்துப் படகுக்காரர் கல்யாணத்துக்குச் செய்முறை செய்வது போல ரகசியமாகக் கொடுத்த பாயிண்டுகள் (ஜிபிஎஸ்ஸில் குறித்த இடங்கள்) சில.

எந்த ஆய்வுக் கப்பலும் இவ்வளவு நெருக்கமாக இந்தத் தரையைத் தடவிப் பார்த்திருக்காது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அப்போது அவர் வரிசையில் இருந்த மூன்று நான்கு மண்டையோடுகளை விரலால் தொட்டு, "இதெல்லாம் இப்ப சும்மா பாப்பா. மேலயே இழுக்கலாம்" என்றார்.

"ஏன் சித்தப்பா, பார் எங்க போச்சு?"

"கல்லு அங்கயேதான் கெடக்கு. கல்லு மேல இருந்ததெல்லாம் போச்சு. முன்ன அதுலதான் மாட்டும். ஒவ்வொருத்தனா ஓரத்த ஒரசி ஒரசி இழுத்தோம்ல, ஓரத்துலதான மீனு நிக்கும். தேஞ்சு போச்சு. இப்ப மடி வழுக்கிக்கிட்டுப் போயிடும்."

அங்கே மீன் எப்படி என்று கேட்டேன். "மொத ரெண்டு வருசம் நல்ல பாடு. இப்ப ஒண்ணும் இல்ல. யாரும் போறதில்ல."

இதை அவர் ஒரு துக்கமாகச் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. எனக்குத்தான் கை நடுங்கியது. கறுப்புப் பவளத்துக்குக் கேஸ் வருமா என்கிற கேள்வியையே அந்த மூன்று நான்கு குறிகள் சின்னதாக்கிவிட்டன. ஆழ்கடல் வாழிடம் அழிவது என்றால் எப்படி இருக்கும் என்று இத்தனை நாள் நார்வேயிலும் புளோரிடாவிலும் தேடிக்கொண்டிருந்தேன். அது எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரு உள்ளங்கை அகலத் திரையில், ஆபத்தாக இருந்த இடம் ஆபத்தில்லாமல் போனதாகப் பதிவாகியிருக்கிறது. அந்த மண்டையோடு இருந்த வரைக்கும் அதுதான் காவல். சட்டமோ ரோந்துப் படகோ இல்லாமல், மடி கிழியும் என்கிற பயம் மட்டுமே அந்த இடத்தைக் காத்தது. பயம் தேய்ந்ததும் காவல் போய்விட்டது. இன்னும் தேயாத குறிகள் அந்தத் திரையில் நிறையவே இருக்கின்றன. கனமான பலகையும், கல்மேல் உருண்டு போகிற உருளை கட்டிய மடியும் வந்தால் அவையும் சும்மாவாகிவிடும். ஆகவே காக்க வேண்டிய இடம் எது என்று கண்டுபிடிக்கப் பல கோடி செலவில் ஆய்வு நடக்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. முதல் வரைபடம் டிரைவர்களிடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குகிற முறைதான் நம்மிடம் இல்லை.

யாரிடம் கொடுப்பது

பாயிண்ட் என்பது சொத்து. அண்ணன் தம்பிக்குள்ளேயே சுலபத்தில் கொடுக்க மாட்டார்கள். அதைக் கேட்பவர் அரசாங்க ஆள் என்றால் இன்னும் சிக்கல். சித்தப்பாவோடும் வேறு சில டிரைவர்களோடும் பேசியதில் அவர்களுடைய தயக்கம் எனக்குப் புரிந்தது. பவளம் ஏறியது என்று சொன்னால் கேஸ் வரக் கூடாது. பாயிண்ட் கொடுத்தவர் பெயரும் படகு எண்ணும் வெளியில் போகக் கூடாது. எங்களுக்குப் பூட்டிய இடத்தை அப்புறம் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் திறந்துவிடக் கூடாது. இந்த மூன்றாவதைத்தான் எல்லாரும் குரலை உயர்த்திச் சொன்னார்கள். கன்னியாகுமரிக் கடலில் எரிவாயு தேடும் திட்டத்துக்கு எதிராக அங்கே மீனவர்கள் போராடியது எல்லாருக்கும் தெரியும். மீனவனிடம் மட்டும் தியாகம் கேட்கிற பாதுகாப்பு நிலைக்காது, நிலைக்கவும் கூடாது என்பதுதான் என் எண்ணமும்.

இன்னொரு சிக்கல் எல்லை. பன்னிரண்டு கடல் மைல் வரைக்கும் மாநிலத்தின் பொறுப்பு, அதற்கு அப்பால் மத்திய அரசு. மண்டையோட்டு வரிசையில் பெரும்பகுதி அப்பால்தான் இருக்கிறது. அங்கே கடலூர் படகும் வரும், புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுப் படகும் வரும், காரைக்கால், நாகை, காசிமேடு படகுகளும் வரும். நம் பக்கம் மட்டும் நாட்டார், அதாவது மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தார், கூடி முடிவெடுத்தால் போதாது. ஆனால் நாட்டார் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பதும் உண்மை. எந்த வலை கூடும் எந்த வலை கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்துகள் காலங்காலமாகத் தீர்மானம் போட்டுக் கட்டுப்படுத்தி வந்திருக்கின்றன. மீன் கூட்டத்தை வளைத்து அள்ளுகிற சுருக்குமடி விஷயத்தில் ஊருக்கு ஊர் பிளந்து நின்றதை நாம் பார்த்தோம், உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் வாரத்தில் இரண்டு நாள் என்று கிழமையும் நேரமும் குறித்துக் கொடுத்த பிறகும் அந்தக் காயம் ஆறவில்லை. அதனால் இந்த விஷயத்தை அதிகாரிகள் மேலிருந்து கொண்டுவந்து இறக்கினால் அதுவும் அப்படியே போகும்.

வாய்ப்பு ஒன்று இருக்கிறது. 2025 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, பன்னிரண்டு மைலுக்கு அப்பால் தொழில் செய்யும் விசைப்படகுகள் இணையவழியில் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். இரண்டு படகு சேர்ந்து இழுக்கிற இரட்டை மடியும் எல்.இ.டி. விளக்கு வைத்துப் பிடிப்பதும் அதில் தடை. கடலடித் தரையைப் பற்றிய நிபந்தனையைச் சேர்க்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இதுவரை இழுத்த இடத்தோடு நிறுத்திக்கொள், குறி போட்ட பார்களைச் சுற்றி இத்தனை தூரம் மடி கூடாது என்று அந்தச் சீட்டிலேயே போடலாம். படகு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் காட்டுகிற டிரான்ஸ்பாண்டர் கருவியைப் படகுகளுக்குக் கொடுக்கும் திட்டமும் நடக்கிறது. மடி இழுக்கும் படகு இரண்டு மூன்று நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் ஊர்ந்துதான் போகும், கடந்துபோகிற படகு அதைவிட நல்ல வேகத்தில் போய்விடும். வேகத்தைப் பார்த்தே பாருக்கு மேல் இழுக்கிறாரா, சும்மா தாண்டிப் போகிறாரா என்று சொல்லிவிடலாம். புளோரிடாவுக்கு இருபது வருஷம் கழித்து வந்த கருவி நம்மிடம் முதலிலேயே இருக்கிறது.

ஆழத்துக்கே போகாதே என்று நான் சொல்லவில்லை. சூரைக்கு நீளத் தூண்டில் போடுகிற படகு தரையைத் தொடுவதே இல்லை. 2017ல் பாக் நீரிணைப் பகுதி மடிப் படகுகளை அந்தத் தொழிலுக்கு மாற்ற ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய்த் திட்டம் வந்தது. அதில் படகுக்காரர் பங்கும் வங்கிக் கடனும் சேர்த்து முப்பது சதவீதம் அவர் தலையில் விழுந்தது, எதிர்பார்த்த அளவுக்கு ஆட்கள் மாறவில்லை. கடன் சுமையைக் குறைத்து, தூண்டில் தொழிலைக் கற்றுக்கொடுக்க கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் மாதிரி பழக்கப்பட்டவர்களைக் கூட்டிவந்தால், நம் பக்கத்து இளம் டிரைவர்களில் போகத் தயாராக இருப்பவர்கள் உண்டு.

அடுத்த தடைக்காலம் ஏப்ரல் 15ல் தொடங்குகிறது. படகுகள் கரையில் நிற்கும், ஜிபிஎஸ் பெட்டிகள் வீட்டில் இருக்கும், டிரைவர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். தேய்ந்த குறி எது, தேயாத குறி எது என்று பிரித்து ஒரே வரைபடத்தில் பெயரில்லாமல் சேர்த்து நாட்டாரிடம் வைப்பதற்குச் சித்தப்பாவும் இன்னும் சிலரும் சம்மதித்திருக்கிறார்கள். நாட்டார் கையை விட்டு அது வெளியே போவதற்கு அவர்கள் வைத்த நிபந்தனை, தற்செயலாக மடியில் ஏறிய பவளத்தை இடத்தோடு சொல்பவர் மேல் வழக்குக் கிடையாது என்பது எழுத்தில் வர வேண்டும். மீன்பிடிப்பு மீன்வளத்துறையின் கீழ் வருகிறது, பவளம் வனத்துறையின் கீழ் வருகிறது. ஒரு துறை கொடுக்கிற வாக்கு இன்னொரு துறையைக் கட்டுப்படுத்தாது என்பதால் இரண்டு துறைக்கும் ஒரே மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட டிரைவர்களோடு குவியல் பொறுக்கும் பெண்களும் வருகிறார்கள்.